தரையைத் தொடும் பாதம்

சிராங்கூன் ரோடும் சையது ஆல்வி ரோடும் சந்திக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. ஓட்டுநர்களின் முகங்களைத் தலைக்கவசம் மறைத்திருக்கும். ஆனால், கால்களைக் கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஒருவர் இரண்டு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்றி, நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப்போல் நிம்மதியாக இருப்பார். அவருக்கு அருகில் நிற்பவரோ இடது காலின் விரல் நுனிகளை மட்டும் தரையில் பதித்துக்கொண்டு, விளக்கு எப்போது பச்சையாகும் என்று காத்திருப்பார். இருவரின் வண்டியும் ஒரே வகையாக இருக்கலாம். வேறுபடுவது அவர்களின் உயரம்தான்.

உயரம் குறைந்த ஒருவர் தமக்குப் பிடித்த சிறிய விளையாட்டு வகை மோட்டார்சைக்கிளை ஓட்ட விரும்பினால் என்ன செய்வது? "வண்டியைத் தாழ்த்திவிடலாம்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவர். தாழ்த்த முடியும் என்பது உண்மையே. ஆயினும், மோட்டார்சைக்கிளில் ஓர் இடத்தில் கை வைத்தால், அது வேறு நான்கு இடங்களில் தன் விளைவைக் காட்டும்.

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் முதலில் பெறுவது 2பி வகை உரிமம். அதைக் கொண்டு 200 சிசி வரையிலான வண்டிகளையே ஓட்டலாம். இந்த வகையில் இளையர்கள் பலர் விரும்பும் வண்டிகளுள் ஒன்று யமஹா ஆர்15. அதன் இயந்திரம் 155 சிசி திறன் கொண்டது. எடை சுமார் 140 கிலோகிராம். இருக்கையின் உயரம் 815 மில்லிமீட்டர். இதே நிறுவனத்தின் ஆர்3 வண்டியின் இயந்திரம் 321 சிசி. அதை ஓட்ட 2ஏ உரிமம் தேவை. 2பி உரிமம் பெற்று ஓராண்டாவது ஆன பிறகுதான் 2ஏ உரிமத்திற்கு முயல முடியும். ஆனால், ஆர்3-இன் இருக்கை உயரம் 780 மில்லிமீட்டர்தான். அனுபவம் மிக்கவருக்கான பெரிய வண்டி தாழ்வாகவும், புதியவருக்கான சிறிய வண்டி உயரமாகவும் அமைந்திருப்பது சற்று வேடிக்கையானதுதான்!

விளையாட்டு வகை வண்டிகள் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கின்றன? அவை வளைவுகளில் சாய்ந்து செல்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. வண்டி சாயும்போது கால்மிதியோ புகைபோக்கியோ தரையில் உரசாமல் இருக்க, அதன் உடல் தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். பந்தய உலகில் இதற்கு நல்ல சான்று ஸ்பெயின் நாட்டு வீரர் டேனி பெட்ரோசா. அவருடைய உயரம் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர்தான். அவர் 2003ஆம் ஆண்டில் 125 சிசி பிரிவிலும், 2004, 2005ஆம் ஆண்டுகளில் 250 சிசி பிரிவிலும் உலக வெற்றியாளரானார். மோட்டோஜிபி எனப்படும் உயர்நிலைப் பிரிவில் 31 பந்தயங்களில் வென்ற பிறகு, 2018இல் முழுநேரப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். அவரைவிட உயரமான வீரர்கள் பலர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

ஆனால், பந்தயத் தடத்தில் சிவப்பு விளக்கில் நின்று நின்று செல்ல வேண்டியதில்லை. நகரச் சாலையில் நிற்பதுதான் பாதி வேலை. ஓடும் வண்டி தன் வேகத்தாலேயே நிமிர்ந்து நிற்கும். நின்றுவிட்ட வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது ஓட்டுநரின் கால். இங்கே ஓர் அறிவியல் உண்மையை நினைவில் கொள்வது நல்லது. வண்டி 5 பாகை சாய்ந்திருக்கும்போது அதைத் தாங்கத் தேவைப்படும் விசையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசை, அது 20 பாகை சாய்ந்தால் தேவைப்படும். பாதம் உறுதியாக ஊன்றியிருந்தால் சாய்வைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம். விரல் நுனி மட்டும் தரையில் இருந்தால், அது வழுக்கும் நொடியில் வண்டி கையை மீறிவிடும். மழை பெய்த பிறகு சாலையில் தீட்டப்பட்ட வெள்ளைக் கோடுகள்மீது காலை வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. மழைநீர் கால்வாய்க்கு வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிவாக அமைக்கப்படுகின்றன. இடப்பக்கத் தடத்தில் நிற்கும் ஓட்டுநர் வலது காலைப் பின்சக்கரத் தடைமிதிமேல் வைத்துக்கொண்டு, இடது காலை ஊன்றுவார். அவருடைய கால் தேடும் தரையோ அந்தப் பக்கம்தான் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். உயரமானவர் இதைக் கவனிப்பதே இல்லை. குட்டையானவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டரும் கணக்கில் வரும்.

"உயரம் குறைந்தவர்களுக்கு ஸ்கூட்டர்தான் பொருத்தம்" என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. தமிழ்நாட்டின் டிவிஎஸ் நிறுவனம் 1990களில் ஸ்கூட்டி என்னும் இலகுவான வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணற்ற பெண்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் தாமாகவே சென்றுவர அது உதவியது. அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. எனினும், ஒருவர் எதை ஓட்ட வேண்டும் என்பதை அவருடைய கால் நீளமே தீர்மானிக்க வேண்டும் என்று சொல்வது சோம்பலான அறிவுரை. மேலும், சிங்கப்பூரில் பிடிக்காத வண்டியை விற்றுவிட்டு வேறொன்றை வாங்குவது அவ்வளவு எளிதன்று. மோட்டார்சைக்கிளுக்கும் பத்தாண்டுகளுக்குரிய வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் கட்டணம் 2022ஆம் ஆண்டில் 10,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலையைவிடச் சான்றிதழின் விலை கூடுதலாக இருக்கும் ஊரில், இருக்கும் வண்டியைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ள ஒருவர் நினைப்பது இயல்பே.

155 சென்டிமீட்டர் உயரமுள்ள இளம்பெண் ஒருவர், காக்கி புக்கிட் வட்டாரத்திலுள்ள ஒரு பட்டறைக்குத் தம் வண்டியைக் கொண்டுசெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அங்கிள், வண்டிய ரெண்டு இன்ச் இறக்கிக் கொடுக்க முடியுமா?"

"முதல்ல ஏறி உக்காரும்மா. எத்தனை சென்டிமீட்டர் பத்தலைன்னு பார்ப்போம். அதுக்கப்புறம் பேசலாம்."

அனுபவமுள்ள மெக்கானிக் இப்படித்தான் தொடங்குவார். கணக்கைப் பாருங்கள். அவருடைய காலின் உட்புற நீளம் சுமார் 72 சென்டிமீட்டர் இருக்கும். தடித்த அடிப்பகுதி கொண்ட காலணி 3 சென்டிமீட்டர் சேர்க்கும். இருக்கையின் உயரம் 81.5 சென்டிமீட்டர் என்றாலும், ஒருவர் ஏறி அமர்ந்ததும் அவர் எடையால் வண்டி 2 அல்லது 3 சென்டிமீட்டர் அமுங்கும். ஆக, குறைவது 4 சென்டிமீட்டர் அளவுதான். இருக்கையின் அகலம் தொடைகளை விலக்குவதால் இன்னும் கொஞ்சம் குறையும். இரண்டு பாதங்களும் முழுமையாகப் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பாதம் உறுதியாக நின்றாலே போதும். வண்டி நிற்கும் தறுவாயில் இடுப்பை இருக்கையின் இடப்பக்கமாகச் சற்று நகர்த்தினால், இடது பாதம் சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பயிற்சி மட்டுமே தேவை. எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பார்த்து, பள்ளத்தையும் சரிவையும் தவிர்ப்பதும் இதே பயிற்சியின் ஒரு பகுதிதான்.

அதன் பிறகும் கால் எட்டவில்லை என்றால் அடுத்து இருக்கையைக் கவனிக்கலாம். உள்ளிருக்கும் பஞ்சைச் சீவி, முன்பகுதியை ஒடுக்கமாக்கினால், உயரமும் குறையும். கால்களும் நேராகக் கீழே இறங்கும். வண்டியின் இயக்கம் சிறிதும் மாறாது. வேண்டாமென்றால் பழைய இருக்கையையே மீண்டும் பொருத்திவிடலாம். ஆனால், பஞ்சு குறைந்த இருக்கையில் மலாக்காவரை சென்று திரும்பினால் முதுகு குறை சொல்லும். கால்மிதி இருந்த இடத்திலேயே இருப்பதால் முழங்காலும் கூடுதலாக மடங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியைத்தான் பலர் முதல் வழியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வண்டியின் பின்புறத்தையே கீழிறக்குவது. ஆர்15 போன்ற வண்டிகளில் பின்புறத்தில் ஒரே ஓர் அதிர்வுத்தாங்கிதான் இருக்கும். மெக்கானிக்குகள் அதை 'அப்சார்பர்' என்பார்கள். அதையும் பின்சக்கரத்தைத் தாங்கும் கரத்தையும் சிறிய தகடுகள் இணைக்கின்றன. எலும்புபோன்ற வடிவத்தால் அவற்றுக்கு 'டாக்போன்' என்று பெயர். அவற்றுக்குப் பதிலாகச் சற்று நீளமான தகடுகளைப் பொருத்தினால் வண்டியின் பின்பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும். வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல்கள் அதன் பிறகே தொடங்கும்.

பின்புறம் மட்டும் இறங்கினால் முன்புறம் உயர்ந்து நிற்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முன்பைவிடச் சாய்ந்துவிடுவதால், திருப்பங்களில் வண்டி மந்தமாகத் திரும்பும். முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு, எதிரே வருபவரின் கண்களில் ஒளியைப் பாய்ச்சும். சைட் ஸ்டாண்டின் நீளம் மாறாததால், நிறுத்திய வண்டி போதிய அளவு சாயாமல் ஏறக்குறைய நேராக நிற்கும். பெருங்காற்று அடித்தாலோ யாராவது இடித்தாலோ மறுபக்கம் விழுந்துவிடும். சங்கிலியின் இறுக்கமும் மாறும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வீவக பலமாடிக் கார்நிறுத்தத்தின் வேகத்தடையைக் கடக்கும்போது, வண்டியின் அடிப்பகுதி தட்டலாம். சக்கரம் மட்கார்டில் உரசலாம். வளைவில் சாயும்போது கால்மிதியும் முன்பைவிட விரைவாகத் தரையைத் தொடும்.

இவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும். முன்புறத்தைப் பிடித்திருக்கும் தாங்கிகளைத் தளர்த்தி, ஃபோர்க் குழாய்களைச் சற்று மேலே தள்ளினால் முன்புறமும் இறங்கும். பின்புறம் இறங்கிய அளவுக்கு ஏற்ப இதைச் செய்தால் வண்டி மீண்டும் தன் சமநிலைக்கு வரும். ஆனால், அளவுக்கு மீறித் தள்ளினால் வேகமாக பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தின் பகுதி மேலே இருக்கும் கவசத்தில் மோதும். சைட் ஸ்டாண்டையும் அதற்கேற்பச் சுருக்க வேண்டும். ஆகவே, 'இரண்டு தகடுகளை மாற்றினால் போதும்' என்று விலை சொல்லும் பட்டறையைவிட, இவை அனைத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும் பட்டறையை நம்பலாம். அதிர்வுத்தாங்கியின் சுருள்வில்லைத் தளர்த்தி உயரத்தைக் குறைப்பது மலிவான தந்திரம். சில மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால், ஒவ்வொரு பள்ளத்திலும் வில் அடிவரை அமுங்கிவிடும்.

சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, முன்னனுமதி தேவைப்படுபவை, அறவே கூடாதவை. தாம் செய்யவிருக்கும் மாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பட்டறைக்குப் போகும் முன்பே ஆணையத்திடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்த பிறகு, "இந்த மாற்றத்தை ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் தேடுவது கடினம். மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார்சைக்கிள்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். முறையற்ற மாற்றம் அங்கேயும் தெரிந்துவிடும்.

வேலை முடிந்து வண்டியைப் பெற்றுக்கொள்பவர் அன்றே விரைவுச்சாலையில் ஏறுவது நல்லதன்று. முதலில் மாலை நேரத்தில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்கின் ஒளி எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, சைட் ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியை வலப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு, பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத கார்நிறுத்தத்தில் வேகத்தடையின்மேல் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். கடைசியாக நிறுத்துவதும் புறப்படுவதும். இடது பாதத்தை ஊன்றுவது, வலது காலால் பிரேக்கைப் பிடித்திருப்பது, மறுபடி நகர்வது என்று பத்து முறை, இருபது முறை செய்து பார்க்கலாம். கால் தானாகவே தரையைக் கண்டுபிடிக்கத் தொடங்கியதும், தேக்காப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்திற்குள் வண்டியைக் கொண்டுசெல்லலாம்.