தட்டிப் பார்க்கும் கட்டை

சென்னை மாநகரின் வடபால் அமைந்துள்ள மாதவரம், வடநாட்டுக்குச் செல்லும் பெருவழியின் தலைவாயில் போன்றது. கொல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கின்றது. கிழக்கே மணலி, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய தொழிலூர்களும், அவற்றை அடுத்துக் கடலும் உள்ளன. சென்னைத் துறைமுகத்துக்கும், 2001ஆம் ஆண்டில் எண்ணூரில் தொடங்கப்பெற்ற துறைமுகத்துக்கும் சரக்குக் கொண்டு செல்லும் லாரிகளும், வெளி மாநிலங்களிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிகளும் மாதவரத்து லாரி நிலையத்தில் வந்து தங்குகின்றன.

இரவு தங்கிய லாரி விடியற்காலையில் புறப்படுமுன், அதன் ஓட்டுநர் ஒரு கம்பியையோ கட்டையையோ கையிற்கொண்டு வண்டியைச் சுற்றி வருவதும், சக்கரம் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டுச் செவி சாய்த்து நிற்பதும் உண்டு. அறியாதார்க்கு இது வெறும் பழக்கமாகத் தோன்றும். சிலர் சடங்கென்றும் கருதுவர். உண்மையில் அவர் சக்கரத்தை வினவுகின்றார். சக்கரமும் விடை கூறுகின்றது. அவ்வினாவை விடுத்தற்கு ஏற்ற கருவி எது, அதனைத் தேர்ந்துகொள்ளும் முறை யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

பண்டைக்காலத்து வண்டிச் சக்கரங்கள் மரத்தாலாயவை. அவற்றைச் சுற்றி இரும்புப்பட்டை இறுக்கப்பெற்றிருக்கும். காற்றடைத்த ரப்பர் டயருக்கு முதன்முதல் உரிமம் பெற்றவர், ஸ்காட்லாந்து நாட்டினராகிய ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார், ஆண்டு 1845. ஆயினும் அஃது அக்காலத்தில் பரவவில்லை. பின்னர் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டியில் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்து, 1888ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அதன் பின்னரே காற்றடைத்த டயர் உலகெங்கும் பரவியது. மாதவரத்துக்கு அண்மையிலுள்ள திருவொற்றியூரில், 1946ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் சிறுவர் ஊதி விளையாடும் பலூன்கள் செய்யும் சிறுதொழிலைத் தொடங்கினார். அத்தொழிலே பின்னாளில் லாரிகளுக்கு டயர் செய்யும் எம். ஆர். எஃப். நிறுவனமாக வளர்ந்தது. பலூனுக்கும் டயருக்கும் உறவு உண்டு. இரண்டுக்கும் உயிர் காற்றே.

லாரியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றேயாகும். பெரிய லாரிகளின் டயர்கள் பலவற்றில், சதுர அங்குலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 பவுண்டும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்குமாறு காற்றை நிரப்புவர். நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தமோ ஏறத்தாழ 15 பவுண்டேயாம். அடைபட்ட காற்றின் ஆற்றல் எத்தகையது என்பது இதனாற் புலனாகும்.

காற்றுக் குறைந்த டயர் சுழலுந்தோறும் அதன் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கி நிமிர்கின்றது. ஓர் இரும்புக் கம்பியை ஒரே இடத்திற் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அவ்விடம் சுடுவதை மாணவர் அறிவர். டயரும் அவ்வாறே சூடேறுகின்றது. ரப்பர் வெப்பத்தை விரைந்து வெளிவிடும் பொருள் அன்று. ஆதலின் வெப்பம் உள்ளேயே மிகுந்து, டயரின் உள்ளிழைகள் தளர்ந்து, முடிவில் டயர் வெடிக்கின்றது. சிற்சில வேளைகளில் தீப்பற்றுதலும் உண்டு. முன்சக்கரம் வெடிப்பின் வண்டி ஓட்டுநர் கைக்கு அடங்காமல் ஒருபுறம் இழுத்துச் செல்லும். பின்சக்கரம் வெடிப்பின் சிதறும் ரப்பர்த் துண்டுகள் பின்னே வருவோர்க்குத் தீங்கு விளைக்கும். ஆகவே, இது லாரிக்காரர் ஒருவரின் கவலை மட்டும் அன்று. சாலையிற் செல்வார் அனைவரின் உயிர்க்கவலையும் ஆகும்.

டயர் தளர்ந்திருப்பதைக் கண்ணாற் காண இயலாதோ எனின், எப்பொழுதும் இயலாது. பத்துச் சக்கர லாரியில் முன்னே இரண்டு சக்கரங்களும், பின்னே ஈரச்சுகளில் எட்டுச் சக்கரங்களும் உள. பின்னுள்ள எட்டும் இரட்டை இரட்டையாகப் பூட்டப்பட்டவை. அவற்றுள் நான்கு, புறச்சக்கரங்களின் மறைவில் உள்ளே நிற்கின்றன. இரட்டையுள் ஒன்று காற்றிழந்தால் மற்றொன்று இருவர் சுமையையும் தான் ஒருவனாய்ச் சுமந்து நிற்கும். வண்டி சாயாது, காற்றிழந்த சக்கரமும் தரையில் நசுங்கிக் கிடவாது. ஆதலின் கண் ஏமாறுகின்றது. துணைவன் குறையை வெளிக்காட்டாது சுமந்த சக்கரமும், தன் வலிமைக்கு மிஞ்சிய பாரத்தால் பின்னர் அழிகின்றது. கண் ஏமாறும் அவ்விடத்தில் செவியே துணையாகின்றது.

தட்டிப் பார்த்து உண்மையறிதல் நம் மக்களுக்குப் புதிதன்று. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தே விலை பேசுவர். கணீரென்னும் பானை நன்று. கரகரக்கும் பானை கீறலுடையது. பலாப்பழம் பழுத்தமையையும் தட்டியே அறிவர். புகைவண்டி நிலையங்களில் நீண்ட காம்புடைய சுத்தியலால் வண்டிச் சக்கரங்களைத் தட்டி, விரிசல் உண்டோ என ஆராய்ந்த தொழிலாளர் பல நாடுகளில் இருந்தனர். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லெயோபோல்டு ஔவென்புருக்கர் என்பார், நோயாளியின் மார்பை விரலாற் தட்டி எழும் ஒலிகொண்டு உள்நோயை அறியும் முறையை 1761ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். விடுதி நடத்திய அவர் தந்தையார், மதுப்பீப்பாய்களைத் தட்டி அவற்றில் எவ்வளவு உளது என்பதை அறிந்த முறையே அவருக்கு வழிகாட்டியது என்பர். மருத்துவர் மார்பைத் தட்டுவதும் ஓட்டுநர் டயரைத் தட்டுவதும் ஒரே கலையின் இரு கிளைகளாம்.

காற்று நிறைந்த டயர், இழுத்துக் கட்டிய முழவின் தோலை ஒக்கும். அதனைத் தட்டினால் கட்டை துள்ளி மீளும். ஒலியும் தெளிவாக எழும். காற்றிழந்த டயரோ அடியை விழுங்கிக்கொள்ளும், கட்டை துள்ளாது, ‘தொப்’ என்னும் மழுங்கிய ஒலியே தோன்றும். எனவே, ஓட்டுநர் செவியால் மட்டுமன்றிக் கையாலும் விடை பெறுகின்றார்.

இனிக் கருவியைத் தேர்தல் பற்றிக் காண்போம். நம் நாட்டில் ஓட்டுநர் பலர், கையில் அகப்பட்ட இரும்புக் கம்பியைக் கொண்டே தட்டுவர். வட அமெரிக்காவிலோ இதற்கெனவே கடைந்தெடுத்த மரக்கட்டைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. இரும்பிலும் மரம் சிறந்தது என்பதற்குக் காரணங்கள் உள. இரும்பு தானே ஒலிக்கும் இயல்பினது; அதன் ஒலி டயரின் ஒலியோடு கலந்து செவியை மயக்கும். அதன் அதிர்ச்சி கையை உறுத்தும். கூரிய முனையிருப்பின் ரப்பரைப் புண்படுத்தும். குறி தவறிச் சக்கரத்தின் இரும்பு விளிம்பிற் பட்டால் தீப்பொறியும் எழக்கூடும். மரமோ தன் குரலை அடக்கிக்கொண்டு டயரின் குரலை வெளிப்படுத்தும். தான் பேசாமல் பிறரைப் பேசவிடும் நல்ல நடுவரைப் போன்றது அது.

எல்லா மரமும் இதற்கு ஏற்றதன்று. மூங்கில் உட்டுளையுடையது, ஆதலின் தானும் ஒலிக்கும். தேக்கு கதவுக்கும் நிலைக்கும் சிறந்ததாயினும், ஓயாத அடியைத் தாங்கும் திறத்திற் குறைந்தது. அமெரிக்கர் கோடரிக் காம்புக்குப் பயன்படுத்தும் ஹிக்கரி மரத்தையும், ஆஷ் என்னும் மரத்தையும் விரும்புவர். நம் நாட்டில் கருவேலம் அதற்கு ஏற்றது. மாட்டுவண்டிச் சக்கரமும் கருவிகளின் காம்பும் செய்தற்கு உழவரும் தச்சரும் தொன்றுதொட்டுக் கையாண்டது அம்மரமே. தச்சர் உளியின் தலையில் அடிக்கும் கொட்டாப்புளிக்கு உதவும் புளியமரமும் கொள்ளத்தக்கதே.

மரம் நல்லதாயினும் கட்டை நல்லதாய் இருத்தல் வேண்டும். நன்கு உலர்ந்து வைரம் பாய்ந்த பகுதியையே கொள்க. மரத்தின் ரேகை அடிமுதல் நுனிவரை நேரே ஓடுதல் வேண்டும். குறுக்கே ஓடுமாயின் அடிபடும்போது அவ்விடத்தே பிளக்கும். கணுவும் வெடிப்பும் உள்ள கட்டையை விலக்குக. நீளம் ஏறத்தாழ ஒன்றரை அடி இருப்பின், புறச்சக்கரத்தைத் தாண்டி உட்சக்கரத்தை எட்டுதல் எளிதாகும். தலைப்பகுதி ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத தடிப்புடையதாயும், முனை மழுங்கியதாயும், பிடி சற்றே மெலிந்ததாயும் இருத்தல் நன்று. நிறை அரைக்கிலோ அளவினதாயின் கை சோராது, அடியும் வலுவிழக்காது. பிடியில் துளையிட்டு ஒரு தோல்வாரைக் கோத்துக்கொண்டால் கட்டை கைநழுவி வண்டியின் அடியில் உருண்டோடாது. பளபளக்கும் பூச்சு வேண்டா. அது வெடிப்பை மறைக்கும், வியர்த்த கையில் வழுக்கவும் செய்யும். சிறிது எண்ணெய் தடவினாற் போதும்.

தட்டிப் பார்க்கும் கட்டையையும் தட்டிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். இரு விரலால் அதனைத் தளர்வாகத் தொங்கவிட்டு மற்றொரு கட்டையால் மெல்லத் தட்டினால், உட்பிளவு உள்ளது கரகரத்து ஒலிக்கும். அதனினும் சிறந்த சோதனை ஒன்றுண்டு. அளவுமானியால் அளந்து காற்று நிறைத்த டயர் ஒன்றையும், காற்றுக் குறைந்த டயர் ஒன்றையும் அடுத்தடுத்துத் தட்டுக. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எந்தக் கட்டை தெளிவாகக் காட்டுகின்றதோ அதுவே கொள்ளத்தக்கது. கொண்டபின் அதனை மாற்றாது வைத்துக்கொள்க. கை பழகிய கட்டையே உண்மை கூறும். டயரின் இடுக்கிற் சிக்கிய கல்லை நெம்பவோ, பிறரை அச்சுறுத்தவோ அதனை எடுத்தல் கூடாது. தடியெடுத்தவரெல்லாம் தண்டல்காரர் ஆகலாம். கட்டையெடுத்தவரெல்லாம் டயர் தேர்ந்தவர் ஆகார்.

தட்டும் முறையும் ஒன்றுண்டு. வண்டி ஓடிக் களைத்த பொழுதினும், டயர் குளிர்ந்திருக்கும் காலையே ஏற்றது. எந்திரத்தை நிறுத்தி, ஒரே வலுவோடு, தரையிற் படியும் மேற்பரப்பையே தட்டுதல் வேண்டும். ஒரு சக்கரத்தின் ஒலியை அதன் இணையின் ஒலியோடு ஒப்பிடுக. பத்துச் சக்கரங்களையும் தட்டி வர ஐந்து நிமிடமும் ஆகாது. ‘நேரம் ஆயிற்று, புறப்படு’ என்று விரட்டுவோர் எங்கும் உளர். அவ்வைந்து நிமிடத்தை விட்டுக்கொடாமையே ஓட்டுநரின் அறமாகும்.

கட்டைக்கும் எல்லையுண்டு. காற்றைப் பெரிதும் இழந்த டயரை அது காட்டிக்கொடுக்கும். 10 பவுண்டு குறைந்த டயரைக் காட்டமாட்டாது. அதனை அளவுமானியே காட்டும். ஓடும்போதே அழுத்தத்தை ஓட்டுநருக்கு உணர்த்தும் மின்கருவிகளும் இக்காலத்தில் வந்துள்ளன. ஆதலின், புறப்படுந்தோறும் கட்டையால் தட்டுதலும், உரிய நாட்களில் மானியால் அளத்தலும் ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை விலக்குதல் பேதைமை. தளர்ந்த டயரைக் கண்டபின் அதில் மீண்டும் காற்றை நிரப்பிக்கொண்டு ஓட்டுதலோ பெருந்தீங்கு. காற்றின்றி ஓடிய டயரின் உள்ளிழைகள் அறுந்திருக்கக்கூடும். நிரப்பும்போதே வெடித்து உயிர் கொள்ளும். அதனைக் கழற்றித் தேர்ந்தவரிடம் காட்டுதலே முறை.

ஒரு முழக் கட்டை விலையால் மிகச் சிறியது. ஆயினும் பல டன் சரக்கும், வண்டியிற் செல்வாரின் உயிரும், எதிரே வருவாரின் உயிரும் அதன் ஒலியை நம்பிச் செல்கின்றன. நல்ல கட்டையைத் தேர்தல் ஒரு பாதி. அது கூறுவதைப் பொறுமையோடு கேட்டல் மறுபாதி. மாதவரத்தினின்று புறப்படும் லாரி ஊர்போய்ச் சேர்தற்கு இவ்விரண்டும் வேண்டும்.

வினாக்கள்

1. இரட்டைச் சக்கரங்களுள் ஒன்று காற்றிழந்தால் கண்ணுக்குப் புலப்படாமை ஏன்?
2. இரும்புக் கம்பியினும் மரக்கட்டை சிறந்தது என்பதற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. கட்டையாலும் அளவுமானியாலும் அறியத்தக்கவை யாவை? இரண்டும் வேண்டப்படுவது எதனால்?
4. உம் வீட்டில் தட்டிப் பார்த்து நலமறியும் பொருள் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.