ஆவர்த்தன அட்டவணையும் நம் பிள்ளைகளின் பரீட்சையும்

வணிகத் துறையில் ஈடுபட்டுள்ள நம் அன்பர்கள் பலருடைய இல்லங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள். மேல்வகுப்புக்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்ததும், "இரசாயனமா? அது வெறும் மனப்பாடமாயிற்றே! நம் பையனுக்கு அவ்வளவு ஞாபகசக்தி ஏது?" என்று தந்தையர் கையை விரித்துவிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். துணிந்து எடுத்துக்கொண்ட பிள்ளைகளிலும் பலர் அணு, ஆவர்த்தன அட்டவணை என்னும் இரண்டு அத்தியாயங்களில் இடறிவிடுகிறார்கள். பின்னால் வரும் பிணைப்பு, உப்பு, மின்பகுப்பு யாவும் இவ்விரண்டின் மேல் எழுந்த கட்டடமாகையால், அஸ்திவாரத்தில் இடறியவர்களுக்கு முழுப் பாடமும் பாரமாகிவிடுகிறது.

இக்கட்டுரை இரசாயனம் கற்றவர்களுக்காக எழுதப்படுவதன்று. பேரேடு எழுதவும், சரக்கின் விலை ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்று காரணம் ஆராயவும் தெரிந்த தந்தையர்க்காக எழுதப்படுகிறது. அத்திறமை இப்பாடத்துக்கு எவ்வளவு உதவும் என்பதைக் காட்டுவதே நமது நோக்கம்.

முதலில் ஒரு செய்தி. சிங்கப்பூரில் ஜி.சி.இ. சாதாரண நிலை இரசாயன வினாத்தாளிலேயே ஆவர்த்தன அட்டவணை முழுமையாக அச்சிடப்பட்டு வருகிறது. மூலகங்களின் பெயர், குறியீடு, அணு எண், ஒப்பு அணு நிறை அனைத்தும் அதில் இருக்கின்றன. கையில் கொடுத்துவிட்ட ஒன்றை ஒப்பிக்கச் சொல்ல எந்தப் பரீட்சகருக்கும் அவசியமில்லை. விலைப்பட்டியல் சுவரில் தொங்குகிறது. அதைப் படித்துக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. இரவெல்லாம் கண் விழித்து அட்டவணையை மனனம் செய்யும் பிள்ளை, வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் இலவசமாகக் கிடைப்பதற்குத் தன் தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறது.

நிற்க. அணு என்பது யாது? 1911ஆம் ஆண்டு ரதர்ஃபோர்டு என்னும் விஞ்ஞானி, அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கிறது என்று நிறுவினார். அக்கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கருவில் நேர்மின்னேற்றமுள்ள புரோட்டான்களும், மின்னேற்றமில்லாத நியூட்ரான்களும் உள்ளன. கருவைச் சுற்றி எதிர்மின்னேற்றமுள்ள எலெக்ட்ரான்கள் சுற்றுச் சுற்றாக அமைந்துள்ளன. ஒரு மூலகத்தின் பெயரை நிர்ணயிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. 11 புரோட்டான் இருந்தால் சோடியம். 17 இருந்தால் குளோரின். இதில் பேரம் கிடையாது.

நியூட்ரான் எண்ணிக்கையோ ஒரே மூலகத்துக்குள்ளும் மாறலாம். குளோரின் அணுக்களில் சில 18 நியூட்ரான்களும், சில 20 நியூட்ரான்களும் கொண்டவை. ஆகையால் ஒன்றின் நிறை எண் 35, மற்றதன் நிறை எண் 37. இவற்றை ஐசோடோப்புகள் என்பார்கள். அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று போட்டிருப்பதைக் கண்டு, "அரை நியூட்ரான் எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளைகள் மயங்குகிறார்கள். சிலர் 35ஐயும் 37ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதிவிடுகிறார்கள். அரிசி வியாபாரி ஒருநாளும் இத்தவற்றைச் செய்யமாட்டார். மூட்டை 35 வெள்ளி வீதம் மூன்று மூட்டையும், 37 வெள்ளிக்கு ஒரு மூட்டையும் வாங்கிக் கலந்தால், மொத்தம் 142 வெள்ளி. மூட்டைக்கு 35 வெள்ளி 50 காசு அடக்கம். இயற்கையில் குளோரின் ஏறக்குறைய இந்த மூன்றுக்கு ஒன்று விகிதத்தில்தான் கலந்திருக்கிறது. இக்கணக்கை மகனுக்குச் சொல்லிக் கொடுக்க நம்மவர்களை விடத் தகுதியுள்ளவர் யார்?

இனி எலெக்ட்ரான்களுக்கு வருவோம். முதற் சுற்றில் 2, இரண்டாம் சுற்றில் 8, அதன் பின் மூன்றாவதில் 8 என்று பள்ளிப் பாடத்தில் முதல் இருபது மூலகங்களுக்குக் கணக்கு வைக்கிறார்கள். (மூன்றாம் சுற்று உண்மையில் 18 வரை கொள்ளும். இருந்தும் பத்தொன்பதாவது எலெக்ட்ரான் நான்காம் சுற்றுக்குப் போவதன் காரணம் மேல்வகுப்புப் பாடம்; இப்போது அதில் தலையை நுழைக்க வேண்டாம்.) சோடியத்தின் அமைப்பு 2.8.1, குளோரின் 2.8.7, பொட்டாசியம் 2.8.8.1. சுற்றுகள் எத்தனையோ, அத்தனையாவது குறுக்கு வரிசையில் மூலகம் நிற்கும். வெளிச்சுற்றில் ஒரே எண்ணிக்கையுள்ளவை ஒரே தொகுதியாகக் கீழ்நோக்கி அடுக்கப்படும். அட்டவணையின் இரகசியம் இவ்வளவே.

இதை முதலில் அடுக்கிய மெண்டலேயெவுக்கு எலெக்ட்ரான் என்று ஒன்று உண்டென்பதே தெரியாது. 1869இல் அவர் மூலகங்களை நிறைப்படியும் குணப்படியும் வரிசைப்படுத்தியபோது, பொருந்தாத இடத்தில் எதையாவது திணித்து நிரப்பாமல், அலமாரியில் வராத சரக்குக்கு இடம் விடுவது போல் வெற்றிடம் விட்டார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு வரப்போகும் பொருளின் அணு நிறை ஏறக்குறைய 68 என்றும் முன்கூட்டியே சொன்னார். 1875இல் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அணு நிறை 69.7. முப்பது பாகையை ஒட்டியே உருகிவிடும் உலோகம் அது; நம் ஊர் உஷ்ணத்தில் மேசை மீது வைத்தாலே இளகத் தொடங்கும். நிறையை மட்டும் நம்பினால் அயோடினும் டெல்லூரியமும் இடம் மாறி நிற்க வேண்டும். குணத்தைப் பார்த்து மெண்டலேயெவ் அவற்றைச் சரியாகவே வைத்தார். அணு எண்ணே உண்மையான வரிசை என்று 1913இல் மோஸ்லி காட்டியபோது அது நியாயமாயிற்று. இன்று 118 மூலகங்கள் இடம்பெற்று ஏழாம் வரிசையும் நிரம்பியிருக்கிறது.

இப்போது பரீட்சையின் உயிர்நாடியான பகுதிக்கு வருகிறோம். தொகுதியில் கீழே போகப் போக என்ன மாறுகிறது, வரிசையில் வலப்புறம் போகப் போக என்ன மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து தனித்தனி விதிகளாக உருப்போடுகிறார்கள். அத்தனையும் ஒரே விஷயத்தின் பல முகங்கள். ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். கல்லாவில் முதலாளி அமர்ந்திருக்கிறார். அவர் அருகில் நிற்கும் சிப்பந்தி அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. பின்கட்டில், மற்றச் சிப்பந்திகளுக்கெல்லாம் அப்பால் நிற்பவன் எளிதில் வெளியே நழுவிவிடுவான். முதலாளிதான் கரு, சிப்பந்திகள் எலெக்ட்ரான்கள். ஆகவே எந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டாலும் பிள்ளை மூன்றை ஆராய வேண்டும்: கருவின் இழுப்பு எவ்வளவு, வெளி எலெக்ட்ரான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இடையில் நின்று மறைக்கும் எலெக்ட்ரான்கள் எத்தனை.

முதற் தொகுதியை எடுத்துக்கொள்வோம். லித்தியம் தண்ணீரில் நிதானமாக நுரைக்கும். சோடியம் உருகி உருண்டையாகித் தண்ணீரின் மேல் ஓடும். பொட்டாசியமோ இளம் ஊதாச் சுடருடன் பற்றிக்கொள்ளும். ஏன்? "பொட்டாசியம் தொகுதியில் கீழே இருப்பதால்" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஏன் விலை ஏறிற்று என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் "பட்டியலில் அப்படிப் போட்டிருக்கிறது" என்பதற்கு ஒப்பான விடை அது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே குறுக்கிடும்: சோடியத்தில் 11 புரோட்டான், பொட்டாசியத்தில் 19, இழுப்பு கூடித்தானே இருக்க வேண்டும்? நல்ல கேள்வி. இழுப்பு கூடியதும் உண்மையே. ஆனால் பொட்டாசியத்தின் வெளி எலெக்ட்ரான் ஒரு சுற்று அதிகத் தொலைவில் இருக்கிறது. இடையில் 10க்குப் பதிலாக 18 எலெக்ட்ரான்கள் மறைத்து நிற்கின்றன. தூரமும் மறைப்பும் கூடுதல் இழுப்பை விஞ்சிவிடுகின்றன. ஆகவே அந்த ஓர் எலெக்ட்ரான் எளிதில் நீங்குகிறது, வினையும் உக்கிரமாகிறது. இவ்வளவையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

(பொட்டாசியத்தின் குறியீடு 'கே' என்று ஏன் இருக்கிறது எனப் பிள்ளைகள் கேட்பதுண்டு. 'காலியம்' என்னும் அதன் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது அது. தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லே அப்பெயருக்கு மூலம். முதற் தொகுதியை 'ஆல்கலி உலோகங்கள்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததே. அட்டவணையில் சற்று முன்பு கண்ட காலியம் வேறு. பெயர் ஒற்றுமையில் மயங்க வேண்டாம்.)

வரிசையில் வலப்புறம் போகும்போது நிலைமை வேறு. சோடியம் முதல் குளோரின் வரை மூன்று சுற்றுகளே. மறைக்கும் உட்சுற்றுகளில் மாற்றமில்லை. கருவிலோ புரோட்டான் 11இலிருந்து 17 ஆகிறது. பின்கட்டுக்கு மேலும் ஓர் அறை கட்டாமல் முதலாளியின் கண்டிப்பு மட்டும் கூடினாற்போல, எலெக்ட்ரான்கள் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. சோடியம் அணுவின் ஆரம் சுமார் 186 பிக்கோமீட்டர். குளோரினுடையது சுமார் 99. எண்ணிக்கை கூடக் கூட அணு சிறுக்கிறது என்பது பலருக்கு வியப்பாகவே இருக்கும். எலெக்ட்ரானை இழக்கும் உலோகக் குணம் இடப்புறத்திலும், ஏற்கும் அலோகக் குணம் வலப்புறத்திலும் இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஹாலஜன்கள் எனப்படும் பதினேழாம் தொகுதியில்தான் நல்ல மாணவர்களும் வழுக்கி விழுகிறார்கள். குளோரின் பசுமஞ்சள் வாயு. புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கருநிறத் திடப்பொருள். கொதிநிலையும் முறையே கழித்தல் 34, 59, 184 பாகை என்று ஏறிக்கொண்டே போகிறது. வினைத்திறனோ கீழே போகப் போகக் குறைகிறது. முதற் தொகுதிக்கு நேர்மாறு! ஹாலஜன் வெளியிலிருந்து ஓர் எலெக்ட்ரானை இழுத்துக்கொள்ள வேண்டும். கரு தொலைவில் இருந்தால் அவ்விழுப்பு தளர்ந்துவிடும். காரணம் அதே மூன்றுதான். இழப்பதற்கு உதவிய தூரம் ஏற்பதற்குத் தடையாயிற்று. கொதிநிலைக்கு மட்டும் இந்தக் காரணத்தைச் சொல்லக் கூடாது. அயோடினைக் கொதிக்க வைக்கும்போது மூலக்கூறு உடைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக அவற்றிடையே உள்ள கவர்ச்சி கூடுகிறது. "பிணைப்பு வலுவாகிறது" என்று எழுதிய பிள்ளை மதிப்பெண்ணை இழந்துவிடும்.

மந்த வாயுக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிச்சுற்று நிரம்பியவை, ஆகையால் எளிதில் எவரோடும் சேர்வதில்லை.

விடை எழுதும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சிப்பந்தி உவமை வீட்டில் புரிந்துகொள்வதற்கே. விடைத்தாளில் அதற்கு இடமில்லை. "அணு எலெக்ட்ரானை விரும்புகிறது" என்று எழுதுவதும் ஆகாது. அணுவுக்கு விருப்பு வெறுப்பு ஏது? வினாவின் ஏவற்சொல்லையும் கவனிக்க வேண்டும். மலேசியாவில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் 'ஞாத்தாக்கான்' என்றால் சுருக்கமாகக் கூறினால் போதும். 'தெராங்கான்' என்றால் காரணம் காட்டியே தீர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கும் விதி இதுவே.

தந்தையர் செய்யக்கூடியது என்ன? டியூஷன் கட்டணம் செலுத்துவதோடு நம் பங்கு முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கடை அடைத்து வந்த பிறகு கால் மணி நேரம் போதும். அட்டவணையைப் பிள்ளையின் முன் விரித்து, பள்ளியில் ஆங்கிலத்திலோ மலாயிலோ படித்ததைத் தமிழில் நமக்கு விளக்கச் சொல்ல வேண்டும். "வாப்பா, இது உங்களுக்குப் புரியாது" என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடாதீர்கள். புத்தகத்தின் சொற்றொடரை அப்படியே ஒப்பிப்பது எளிது; வேறு மொழியில், வேறு தொழில் செய்யும் ஒருவருக்குப் புரிய வைப்பதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லலாம். நாம் விடை அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, "ஏன்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

தொடங்குவதற்கு மூன்று வினாக்கள் தருகிறோம். சோடியம் அணுவை விடச் சோடிய அயனி ஏன் சிறியது? பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரினைச் செலுத்தினால் ஏன் செம்பழுப்பு நிறம் தோன்றுகிறது? இவ்விரண்டுக்கும் விடை மேலே சொன்னவற்றிலேயே இருக்கிறது, பிள்ளையே தேடட்டும். மூன்றாவது வினா, அயோடினுக்குக் கீழே 85ஆம் இடத்திலுள்ள அஸ்டட்டைனின் குணங்கள் எவை என்பது. இது பரீட்சகர்களுக்கு மிகப் பிரியமான வினா. அறை வெப்பத்தில் திடப்பொருளாகவும், கருநிறமாகவும், அயோடினை விட வினைத்திறன் குறைந்ததாகவும் இருக்கும் என எதிர்பார்க்கலாம் என்று காரணத்துடன் எழுத வேண்டும். அஸ்டட்டைனைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அது கதிரியக்கத்தால் அழிந்துகொண்டேயிருக்கிறது. அதன் நீடித்த ஐசோடோப்பிலும் பாதி சுமார் 8 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே இவ்விடையைப் பிள்ளை அட்டவணையைப் பார்த்துத்தான் ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.