வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் வேலை செய்த கடை மூடப்பட்டதால் மூன்று மாத வாடகை நிலுவை. மாத முடிவுக்குள் சாமான்களை எடுக்காவிட்டால் பூட்டை மாற்றிவிடுவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, கொழும்பு 13

பதில்: பூட்டை மாற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாடகை எவ்வளவு நிலுவையில் இருந்தாலும், வாடகைக்காரரை வெளியேற்றுவது மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் பேரில்தான்.

2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. நாடு கடன்காரரிடம் அவகாசம் கேட்டது போலத்தான் குடும்பங்களும் வீட்டுக்காரரிடம் கேட்டன. ஆனால் அந்த வாடகையை நம்பியே மருந்து வாங்கும் வயோதிப வீட்டுக்காரர்களும் உண்டு. அவர்கள் எல்லாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை.

வாசகிக்குச் சாதகமாக இருக்கக்கூடியது வீட்டின் வயது. 1980க்கு முன் கட்டி வாடகைக்கு விட்ட வீடென்றால், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்த இடமுண்டு. அப்படியானால், முதல் தடவை நிலுவை விழுந்தவருக்கு மூன்று மாத அறிவித்தல் கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. அந்தக் காலம் முடியுமுன் நிலுவையை முழுதாகக் கொடுக்க முன்வந்தால், அதைக் காட்டி வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டலாம். அங்கே தரும் பற்றுச்சீட்டு வீட்டுக்காரருக்கே கட்டியதாகக் கொள்ளப்படும்.

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய புதிய பிளாட்களின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் லீஸ் ஒப்பந்தம்தான் பேசும். லீஸ் முடிந்தும் போகாதவரை விரைவாக வெளியேற்ற 2023இல் தனிச்சட்டமே வந்துவிட்டது; அந்த வழக்கில் பதில் சொல்வதற்கே வாடகைக்காரர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். நீதிமன்றக் கடிதத்தை அலமாரியில் செருகிவிட்டு இருப்பது ஆபத்து. இன்னொன்று: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட லீஸை நொத்தாரிசு முன் எழுதாவிட்டால், 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி அது லீஸாகச் செல்லாது. கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தவர்கள் பெரும்பாலும் மாத வாடகைக்காரர்களே.

இன்றே வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது: கட்டக்கூடிய தொகை, தேதி, அட்வான்ஸில் கழிக்கச் சம்மதமா என்ற கேள்வி, இருவர் கையெழுத்து. பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சுத் தவணையை நம்பி வந்தவர்களுக்கு நீதிமன்றத்தில் கையில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

பூட்டு விழுந்தே விட்டால்? பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியுடன் மனுப் போடலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டது நிரூபணமானால், திரும்ப வீட்டுக்குள் விடும்படி நீதவான் கட்டளையிட முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அடையாள அட்டை, வாடகைப் பற்றுச்சீட்டு, வருமானத்தைக் காட்டும் கடிதம் ஆகியவற்றுடன் போகலாம். தாமதிக்க வேண்டாம்: அந்த மனுவைப் பூட்டு விழுந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் போட வேண்டும்.