முழங்கால் சவ்வு கிழிந்தால் அறுவை சிகிச்சை அவசியமா?

உங்களுக்கு ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. படியிறங்கும்போது முழங்கால் சுரீரென்று வலிக்கிறது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் ‘மெனிஸ்கஸ் கிழிந்துள்ளது’ என்று அறிக்கை வருகிறது. கிழிந்ததை உடனே சரிசெய்ய வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. சற்றுப் பொறுங்கள்.

மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு. அதன் வெளி விளிம்பில் மட்டுமே நல்ல இரத்த ஓட்டம் இருப்பதால், உட்பகுதிக் கிழிசல் எளிதில் ஆறாது. வயது ஏற ஏற, அடிபடாமலேயே அது நைந்து கிழிவதும் உண்டு.

அந்தக் கிழிசல்தான் வலிக்குக் காரணமா? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹம் நகரில் 50 முதல் 90 வயதுவரையுள்ள 991 பேரின் முழங்கால்களைப் படமெடுத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை!

2013இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், மூட்டுத் தேய்மானம் இல்லாத 146 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கிழிந்த பகுதி வெட்டி எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை போன்ற பாவனை மட்டுமே. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர்.

அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கிழிசலோடு மூட்டுத் தேய்மானமும் கொண்ட, 45 வயதுக்கு மேற்பட்ட 351 பேர் இருந்தனர். ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் இயன்மருத்துவப் பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், இயன்மருத்துவப் பிரிவில் 30 விழுக்காட்டினர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு மாறினர் என்பதையும் மறக்கக்கூடாது. பயிற்சி எல்லாருக்கும் போதாது. ஆனாலும் முதலில் முயல வேண்டியது அதுதான்.

பயிற்சி கிழிசலை ஒட்டவைப்பதில்லை. தொடைத் தசைகள் வலுப்பெற்று, மூட்டின் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு நாள் பிடிக்கும். நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 8 வாரங்களில் 16 முறை பயிற்சி அளித்தார்கள். நான்கு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் நிலைமை வேறு. விளையாட்டில் திடீரென அடிபட்டுக் கிழிந்தாலும் அப்படியே. அப்போது மருத்துவரை உடனே பாருங்கள். மற்றபடி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் அவரிடம் கேளுங்கள்: “முதலில் சில மாதங்கள் இயன்மருத்துவம் செய்து பார்க்கலாமா?”