நோயெதிர்ப்பியல் இதழ் ஒன்றை எடைபோடுவது எப்படி?

ஆய்வுக் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தால் முதலில் வரும் கேள்வி, "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்பதுதான். எண்ணைச் சொன்னதும் பேச்சும் முடிந்துவிடும். பார்க்க வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 'ஃபிரான்டியர்ஸ் இன் இம்யூனாலஜி'யை வைத்தே பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பதிப்பகம் 2010இல் தொடங்கிய இதழ் இது.

முதல் வேலை, இதழின் அடையாளத்தை உறுதிசெய்வது. இம்யூனாலஜி என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் இதழ்கள் ஏராளம்; போலிகள் அந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கின்றன. ஆகவே பெயரை நம்பாமல் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொண்டு தேடுங்கள். இந்த இதழுக்கு அது 1664-3224. அதே எண்ணை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் இட்டு, மெட்லைனில் இதழ் இப்போது சேர்க்கப்படுகிறதா என்று பாருங்கள். "பப்மெட்டில் வருகிறதே, போதாதா?" என்று பலர் கேட்பார்கள். போதாது. அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வென்றால், மெட்லைன் தேர்ந்தெடுக்காத இதழின் கட்டுரைகூட வேறு வழியாகப் பப்மெட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்து எண். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இருப்பது மட்டுமே உண்மையான இம்பாக்ட் ஃபேக்டர். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று முன்னொட்டுப் போட்டு வருபவற்றை ஒதுக்கிவிடுங்கள். கணக்கு எளியதுதான்: 2021, 2022 ஆண்டுகளில் வந்தவற்றுக்கு 2023இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், மீள்பார்வைக் கட்டுரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் 2023க்கான மதிப்பு. தலையங்கம், கடிதம் போன்றவற்றுக்கு வரும் மேற்கோள்கள் மேலே கூட்டப்படும். கீழே அவை கணக்கில் வராது. ஆளுக்கு ஆள் நீதி மாறும் கணக்கு என்று எனக்குத் தோன்றும்.

ஒரே ஒரு ஆண்டின் எண்ணோடு நிறுத்தாமல் ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நம் இதழுக்கு 2019இல் ஏறத்தாழ 5.1; 2020இல் 7.6, 2021இல் 8.8, 2022இல் 7.3; 2023இல் 5.7. ஒரு மலை ஏறி இறங்கியது போலத் தெரிகிறதா? 2020இலும் 2021இலும் நோயெதிர்ப்பியல் கட்டுரைகளுக்குக் கோவிட் கொண்டுவந்த மேற்கோள்கள் கொஞ்சநஞ்சமல்ல. போதாததற்கு, 2020க்கான கணக்கிலிருந்து, முறையான வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் வந்த கட்டுரைகளின் மேற்கோள்களையும் கிளாரிவேட் சேர்த்துக்கொண்டது. எனவே 8.8 என்பதை இதழ் திடீரென்று உயர்ந்துவிட்டதாகவும், 5.7 என்பதைச் சரிந்துவிட்டதாகவும் படிப்பது தவறு. அதே ஆண்டுகளில் இந்தத் துறையின் மற்ற இதழ்கள் எப்படி ஏறி இறங்கின என்று பக்கத்தில் எழுதிக்கொண்டால்தான் இதழின் சொந்தப் போக்கு தெரியும். கணிதம் போன்ற வேறு துறையின் இதழோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

இனி சராசரியின் பொல்லாப்பு. ஒரு இதழ் இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வெளியிட்டு 1,000 மேற்கோள்கள் பெற்றதாக வைத்துக்கொள்வோம், மதிப்பு 5. அதில் ஒரே ஒரு மீள்பார்வைக் கட்டுரை 300 மேற்கோள்களை வாரிக்கொண்டிருந்தால், மற்ற 199 கட்டுரைகளின் சராசரி 3.5தான். இது கற்பனைக் கணக்கு. நிஜத்திலோ இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. ஷெல்ட்ரிக் என்ற ஆய்வாளர் 2008இல் எழுதிய ஒரே கட்டுரையால், 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற படிகவியல் இதழின் மதிப்பு 2ஐ ஒட்டிய நிலையிலிருந்து 2009இல் ஏறக்குறைய 50ஐத் தொட்டது. ஆகவே மீள்பார்வைக் கட்டுரைகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, உங்கள் உட்துறையில், டி செல் ஆகட்டும், ஒவ்வாமை ஆகட்டும், மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த இருபது ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை மேற்கோள் என்று எண்ணுங்கள். நடுவில் நிற்கும் எண்தான் உங்கள் கட்டுரைக்கு எதிர்பார்க்கத்தக்கது. அரை நாள் வேலை. எந்தத் தரவரிசையும் இதற்கு ஈடாகாது.

மேற்கோளைப் பார்த்தால் மட்டும் போதாது, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் தேடுங்கள். ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப் வசம் இருக்கிறது, இலவசம். எண்ணிக்கையைவிடக் காரணத்தைப் படியுங்கள்: ஆசிரியரே பிழையைச் சொல்லித் திரும்பப் பெற்றது ஒன்று, மதிப்பாய்வே போலியாக நடந்தது வேறு. பெரிய இதழில் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது இயல்பு. சிறப்பிதழ்களை விருந்தினர் ஆசிரியர்கள் நடத்துகிறார்களென்றால், அவர்கள் யார், சொந்தக் கட்டுரைகளையே எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எந்த இதழ் ஏற்கத்தக்கது என்பதை இனி நிறுவனங்களே முடிவுசெய்ய வேண்டும். கட்டுரையை அனுப்பும் முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையும், வெளியீட்டுக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.