விசா முடிந்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் நம் ஜகாத்தும்



நம் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி கொண்டுவந்த கேள்வி இது. அவருடைய தம்பி குடும்பத்தோடு கலிபோர்னியாவில் இருக்கிறார். சுற்றுலா விசாவில் போய், காலம் முடிந்த பிறகும் தங்கிவிட்டவர். சிறு வயதில் கூட்டிப்போன மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். "அவள் காலேஜ் ஃபீஸுக்கு என் ஜகாத்தைக் கொடுக்கலாமா?"

ஜகாத்துக்கு முன்னால் அந்த நாட்டு நிலவரத்தைப் பார்த்துவிடுவோம். இத்தகைய பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிப் படிப்பை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மத்திய அரசின் உதவித்தொகையும் கல்விக்கடனும் இவர்களுக்குக் கிடையாது.

"குடியுரிமை உண்டு என்று டிக் அடித்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பொய் ஹராம் என்பது ஒரு பக்கம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்குப் பின்னாளில் சட்டப்படி தங்கும் வழி வந்தாலும் அந்த ஒரு பொய்யே கதவை அடைத்துவிடும். விசா காலம் கடந்ததைவிட அது பெரிய சிக்கல்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலை வேறு. கலிபோர்னியாவில் 2001இல் வந்த சட்டப்படி, அங்கே மூன்று ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவர், விசா இல்லாவிட்டாலும் உள்ளூர் மாணவருக்கான கட்டணமே கட்டலாம். வெளியூர்க் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. மாநில உதவித்தொகைக்கு 'ட்ரீம் ஆக்ட்' விண்ணப்பம் தனியாக உண்டு. அது மத்திய அரசின் படிவம் அல்ல. டெக்சாஸிலும் 2001 முதல் இந்தச் சலுகை இருந்தது; 2025 ஜூனில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தனியார் வங்கிக் கடனோ வட்டிதான். அதற்கும் பெரும்பாலும் குடியுரிமை உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.

இனி ஜகாத். தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் ஃபகீர், மிஸ்கீன் முதலில் வருகிறார்கள். பாஸ்போர்ட், விசா அதில் நிபந்தனை இல்லை. இந்தப் பெண் உழைக்கத் தயாராக இருந்தாலும் அவளுக்கு வேலை அனுமதி கிடையாது. வாப்பாவின் தவறை அவள் தலையில் ஏற்ற நமக்கு என்ன உரிமை? பெற்ற பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும்தான் ஜகாத் கூடாது. தம்பி மகளுக்குக் கூடும். உறவினருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மையோடு உறவைப் பேணிய நன்மையும் சேர்கிறது.

ஒரு கிளைப் பிரச்சினை உண்டு. உள்ளூரில் ஏழைகள் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்பதே ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபியில், தேவையுள்ள உறவினருக்கு அனுப்பத் தடையில்லை. அந்தச் சகோதரி ஷாஃபி. ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றோம். ஸதகாவாகவோ வட்டியில்லாக் கடனாகவோ கொடுத்தால் இந்தப் பேச்சே எழாது.

எப்படியும் முதல் வேலையாக மாநில விண்ணப்பத்தைப் போடச் சொல்லியிருக்கிறோம். வழக்கமாக மார்ச் 2 கடைசி நாள். அதில் கிடைப்பது போக எவ்வளவு குறைகிறது என்று தெரிந்த பிறகு அவர் தொகையைத் தீர்மானிக்கட்டும்.