இருட்டறையும் இரசாயனமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் சுவா. இதைப் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய வீடுகளுக்குச் சென்றால், சுவரில் மாட்டியுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றும் காணலாம். மணமக்கள், தாத்தா பாட்டி, திருவிழாக் கூட்டம் எனப் பல நினைவுகள் அவற்றில் உறைந்திருக்கின்றன. அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஓர் இருட்டறையில், இரசாயனக் கரைசலில் நனைந்து பிறந்தவை.

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடுகிறோம். ஆயினும், படச்சுருளில் படம் பிடித்துத் தாமே கழுவி எடுக்கும் கலை இளைஞரிடையே மீண்டும் பரவி வருகிறது. இதற்காகச் சிலர் வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக மாற்றிக்கொள்கின்றனர். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால், அங்கே பயன்படும் இரசாயனங்களைப் பற்றி அறியாமல் அதில் இறங்குவது சரியா? இந்தக் கேள்விக்கான விடை நிழற்படக் கலைஞருக்கு மட்டுமன்றி, இரசாயனத்தைக் கையாளும் ஒவ்வொரு வீட்டாருக்கும் பயன்படும்.

இருட்டறையில் நடப்பது என்ன?

படச்சுருளின் மீதும் படத்தாளின் மீதும் வெள்ளி உப்புத் துகள்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட துகள்களில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஏற்படுகிறது. அந்த மாற்றத்தைப் படமாக்க மூன்று கரைசல்கள் தேவைப்படுகின்றன.

முதலாவது உருத்துலக்கி. இதில் மெட்டால், ஹைட்ரோகுயினோன் போன்ற பொருள்கள் உள்ளன. இவை ஒளி பட்ட துகள்களைக் கருமையான வெள்ளி உலோகமாக மாற்றுகின்றன. இரண்டாவது நிறுத்துக் கரைசல். நீர்த்த அசிட்டிக் அமிலமான இது, உருத்துலக்கியின் வேலையை உடனே நிறுத்துகிறது. மூன்றாவது நிலைநிறுத்தி. ஹைப்போ என்று அழைக்கப்படும் சோடியம் தயோசல்பேட், ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றுகிறது. பிறகு ஓடும் நீரில் கழுவி உலர்த்தினால் படம் தயார்.

தமிழகத்தின் உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம், இத்தகைய படச்சுருளையும் படத்தாளையும் 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது. மருத்துவமனைகளுக்குத் தேவையான எக்ஸ்ரே படலமும் அங்கே உருவானது. எக்ஸ்ரே படலத்தைத் துலக்குவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். எனவே, இருட்டறையின் நன்மையும் தீமையும் கலைஞரோடு நின்றுவிடவில்லை. நியூசிலாந்தில் 1980களில், எக்ஸ்ரே இருட்டறைகளில் பணியாற்றியவர்களிடையே தலைவலி, தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறல், களைப்பு போன்ற தொல்லைகள் காணப்பட்டன. 'இருட்டறை நோய்' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. காற்றோட்டமில்லாத அறையில் நாள்தோறும் இரசாயன ஆவியைச் சுவாசித்ததன் மீதே முதன்மையான ஐயம் எழுந்தது.

உடலுக்குள் நுழையும் மூன்று வழிகள்

ஓர் இரசாயனம் புட்டிக்குள் இருக்கும்வரை நமக்குத் தீங்கு செய்வதில்லை. அது உடலை அடைய ஒரு வழி வேண்டும். தோல், மூச்சு, வாய் ஆகியவையே அந்த மூன்று வழிகள்.

தோல் வழி: வெறும் கையால் படத்தாளைக் கரைசலில் புரட்டுவது பலரின் பழக்கம். உருத்துலக்கியில் உள்ள மெட்டால் தோலில் அரிப்பையும் சிவந்த தடிப்பையும் உண்டாக்கக்கூடும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் கழித்துத் திடீரென ஒவ்வாமை தோன்றலாம். ஒருமுறை தோன்றிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் தோல் பாதிக்கப்படும்.

மூச்சு வழி: அசிட்டிக் அமிலத்தின் ஆவி கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். நிலைநிறுத்தியிலிருந்து கந்தக டைஆக்சைடு வாயு சிறிதளவு வெளியாகலாம். தீக்குச்சியை உரசியவுடன் மூக்கில் ஏறும் நெடி இந்த வாயுவினுடையதே. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சிரைப்பைத் தூண்டும். தூளாக வாங்கிய இரசாயனத்தை நீரில் கலக்கும்போது எழும் தூசியும் ஆபத்தானது. கரைசலைவிடத் தூள்தான் எளிதாக மூச்சோடு உள்ளே போகிறது. மேலும், படத்தைத் துலக்கப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் நாட்டிலோ அறையின் வெப்பம் சாதாரணமாகவே 30 பாகையை எட்டுகிறது. வெப்பம் கூடினால் ஆவியும் கூடும். கதவையும் சன்னலையும் இறுக அடைத்த குளியலறையில் அந்த ஆவி போக வழியில்லை.

வாய் வழி: இரசாயனம் பட்ட கையோடு உண்பது, சமையலறைக் கரண்டியால் கலக்குவது, குடிபானப் புட்டியில் கரைசலை ஊற்றி வைப்பது ஆகியவை இவ்வழியைத் திறந்துவிடுகின்றன. இதற்கு அதிகம் இரையாகுபவர்கள் சிறு குழந்தைகள். பெரியவருக்குச் சிறிய அளவாக இருப்பது, எடை குறைந்த குழந்தையின் உடலுக்குப் பெரிய அளவாகிவிடும்.

ஒரே பொருள், பல பெயர்கள்

இருட்டறை இரசாயனங்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. நிறுத்துக் கரைசலில் உள்ள அசிட்டிக் அமிலம் நம் சமையலறையிலும் இருக்கிறது. வினிகரில் அது 4 முதல் 5 விழுக்காடு வரை உள்ளது. அதே அமிலம் அடர் நிலையில் விற்கப்படும்போது தோலைப் பொசுக்கும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பொருள் ஒன்றே, அடர்த்திதான் வேறு.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த உண்மை புதியதன்று. மரத்திலிருந்து எடுத்த பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் பயன்படுகிறது. மலாய்மொழியில் இதைச் 'சூக்கா கெத்தா' என்பர். 'ரப்பர்க் காடி' என்பது அதன் பொருள். காடி என்ற பெயரைக் கேட்டால் சமையல் பொருள்போல் தோன்றும். ஆனால், நீர் கலக்காத அந்த அமிலம் ஒரு துளி பட்டாலும் தோல் வெந்துவிடும். அதனால்தான், அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. மாற்றிச் செய்தால் வெப்பம் மிகுந்து அமிலம் முகத்தில் தெறிக்கும். பால் கொட்டகைக்கும் இருட்டறைக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் இந்த விதி பொதுவானது.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் முகத்துக்கே நெருக்கமானது. உருத்துலக்கியில் உள்ள ஹைட்ரோகுயினோன், தோலின் நிறமி உருவாவதைத் தடுக்கும் தன்மையும் உடையது. எனவே, தோலை வெளுப்பாக்கும் என்று கூறி விற்கப்படும் சில பூச்சுகளில் அதனைக் கலக்கின்றனர். மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள் இது. கண்டபடி பூசினால் தோல் சிவந்து எரியும். நீண்ட நாள் பூசினால் வெளுப்பதற்கு மாறாக நீலங்கலந்த கருமை படியலாம். இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பதுண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். நம் நாட்டின் சுகாதார அமைச்சு இப்பூச்சுகளைக் குறித்துப் பலமுறை எச்சரித்துள்ளது. இருட்டறையில் கையுறை அணிந்து தொட வேண்டிய ஒன்றை, அழகுக்காக முகத்தில் பூசிக்கொள்வது எவ்வளவு பெரிய முரண்!

முன்னோர் பட்ட பாடு

நிழற்படக் கலையின் தொடக்கக் காலம் இன்றைவிட ஆபத்து மிகுந்தது. 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூயி டாகர் அறிமுகப்படுத்திய முறையில், வெள்ளித் தகட்டில் பதிந்த படத்தைத் துலக்கப் பாதரசத்தைச் சூடாக்கி அதன் ஆவியைப் பயன்படுத்தினர். பாதரச ஆவி மணமற்றது; நிறமற்றது. ஆகவே, தாம் நஞ்சைச் சுவாசிப்பதை அக்காலக் கலைஞர் உணர வழியில்லை. 1851இல் இங்கிலாந்தின் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை விரைவில் உலகெங்கும் பரவியது. அம்முறையில் எளிதில் தீப்பற்றும் ஈதர் தேவைப்பட்டது. படத்தை நிலைநிறுத்தக் கொடிய நஞ்சான பொட்டாசியம் சயனைடையும் பலர் பயன்படுத்தினர்.

இதற்குப் பாதுகாப்பான மாற்று ஏற்கெனவே இருந்தது. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். 1839இல் அது நிழற்படக் கலைக்குப் பயன்படலாயிற்று. காலப்போக்கில் ஹைப்போ நிலைத்தது, சயனைடு பின்வாங்கியது. ஒரே வேலையைச் செய்யும் இரு பொருள்களில் தீமை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பின் முதற்படி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. கையுறையும் முகக்கவசமும் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

புட்டியும் பெயரும்

தோட்டப்புற வரலாற்றில் மறக்கக் கூடாத பாடம் ஒன்று உண்டு. பாரக்குவாட் என்னும் களைக்கொல்லி பல நாடுகளில் தோட்டங்களில் பரவலாகத் தெளிக்கப்பட்டது. அதன் பழுப்பு நிறக் கரைசலைக் குடிபானப் புட்டியில் ஊற்றி வைத்ததால், பானம் என்று எண்ணிக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. இதனால்தான் பின்னர் அதில் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்க்கப்பட்டன. மலேசியாவில் பாரக்குவாட்டின் பயன்பாடு 2020 சனவரி முதல் நாள் தொடங்கி முற்றாகத் தடை செய்யப்பட்டது.

இருட்டறைக் கரைசல் பாரக்குவாட்டைப் போன்று கொடியதன்று. எனினும், பழைய உருத்துலக்கி தேநீர் நிறத்தில் இருக்கும். நிலைநிறுத்தி தண்ணீர்போல் தெளிந்திருக்கும். பெயரில்லாத புட்டியைப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடு தெரியுமா? கலந்தவருக்குத் தெரிந்திருப்பது போதாது; காண்பவர் அனைவருக்கும் தெரிய வேண்டும். இரசாயனப் புட்டிகளில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் ஆபத்துக் குறியீடு அச்சிடப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சமையலறையை இருட்டறையாகப் பயன்படுத்தக் கூடாது. தட்டு, கரண்டி, அளவைக் குவளை ஆகியவற்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.
2. வெளிச்சம் புகாமல் காற்று மட்டும் சென்று வரும் வகையில் வெளியேற்று விசிறி பொருத்த வேண்டும். அறையின் காற்று மணிக்குக் குறைந்தது 10 முறை மாறுவது நல்லது.
3. படத்தாளை இடுக்கியால் எடுக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். உலகிலேயே மிக அதிகமாக மருத்துவக் கையுறை தயாரிக்கும் நம் நாட்டில், அதை வாங்கச் சோம்பல் கூடாது.
4. முடிந்தவரை தூளைத் தவிர்த்து, நீர்ம வடிவில் விற்கப்படும் இரசாயனத்தை வாங்க வேண்டும்.
5. கரைசல்களைக் குளியலறை வெளுப்பானுடன் சேரவிடக் கூடாது. அமிலமும் வெளுப்பானும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.
6. புட்டியில் பொருளின் பெயரையும் கலந்த நாளையும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.
7. பயன்படுத்திய நிலைநிறுத்தியைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்துள்ள வெள்ளி, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள், பயன்படுத்திய நிழற்பட இரசாயனங்களைப் பட்டியலிட்ட கழிவுகளில் சேர்த்துள்ளன. தனிப் புட்டியில் சேமித்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் நிழற்பட நிலையத்திடம் ஒப்படைக்கலாம்.

ஆபத்து நேர்ந்தால்

கண்ணிலோ தோலிலோ கரைசல் பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். மூச்சு முட்டினால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால், கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே சென்ற அமிலம் திரும்பி வரும்போது தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்தப் புட்டியையும் எடுத்துச் செல்வது நன்று. என்ன பொருள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் தகுந்த சிகிச்சை அளிக்க முடியும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் இத்தகைய வேளைகளில் ஆலோசனை வழங்குகிறது.

இரசாயனம் என்றாலே அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. அது இல்லையேல் நம் தாத்தா பாட்டியின் முகங்கள் சுவரில் நிலைத்திருக்க மாட்டா. மரத்துப் பாலும் ரப்பராகியிராது. எந்தப் பொருளைத் தொடுமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்: இது என்ன? இதன் அடர்த்தி எவ்வளவு? எந்த வழியாக இது என் உடலை அடையும்? விடை தெரியாத புட்டியைத் திறக்காமல் இருப்பதே அறிவுடைமை.

சிந்தித்து விடையளி

1. இரசாயனம் உடலை அடையும் மூன்று வழிகளையும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 'பொருள் ஒன்றே, அடர்த்திதான் வேறு' என்பதை வினிகரைக் கொண்டு தெளிவுபடுத்துக.
3. கையுறை அணிவதைவிடத் தீமை குறைந்த பொருளைத் தேர்ந்தெடுப்பது ஏன் முதன்மையானது?
4. உன் வீட்டில் பெயர் ஒட்டப்படாத புட்டிகள் உள்ளனவா? பெரியவரின் துணையுடன் பார்த்து, மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளைப் பட்டியலிடுக.